ஜோதி எழுதிய ஒரு வரி

ஜோதி தில்லை நகர் கிளினிக் ஒன்றில் துப்புரவு வேலை செய்தாள். ஸ்ரீரங்கத்தில் மகள் சுபஸ்ரீ படித்த அரசுப் பள்ளியில் அவள்தான் பெற்றோர் குழுத் தலைவி. அங்கே ஒன்றரை வருடமாகக் கணக்கு ஆசிரியர் இல்லை. கூட்டத்தன்று தலைமையாசிரியை நீட்டிய தீர்மானத்திலோ, புது ஸ்மார்ட் போர்டுக்கு நன்றி மட்டுமே டைப் செய்திருந்தது.

“கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, போதும்.”

ஜோதி படித்துப் பார்த்தாள். ‘எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு ஆசிரியர் வேண்டும்’ என்று தன் கைப்பட ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒரு கல்வித்துறை அதிகாரி வந்து பிள்ளைகளை எண்ணினார். முப்பத்தெட்டுப் பேர்தான். அடுத்த ஜூனில் பள்ளியை மூடி, காவிரிக்கு அக்கரையில் இருந்த பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள்.

ஜோதி அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள்.

“நீங்கதானே கணக்கு டீச்சர் கேட்டீங்க? அங்க ரெண்டு பேர் இருக்காங்க” என்றார் அவர்.

பாலம் தாண்டி பஸ்ஸில் அனுப்பப் பயந்து, ஒன்பது பெண் பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா தெருவில் ஜோதியை நிறுத்திக் கேட்டாள்.

“பேசாம கையெழுத்து போட்டிருக்கலாம்லக்கா?”

ஜோதி சுபஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கரைப் பள்ளிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஸ்டாப்புக்கு நடந்தாள்.