சோறு சூடாகும் பேரிங்

இன்ஜினியர் சந்தியா வந்த பிறகுதான் காசிநாதனின் ஜவ்வரிசி ஆலைக்குக் கோளாறே வந்தது என்று கிழங்கு உரிக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதற்கு முன் மெஷின் உடையும், திட்டுவார்கள், மாற்றுவார்கள். அவ்வளவுதான்.

இப்போது அரவை மெஷினுக்கு மூன்று சென்சார்கள். பேரிங்கின் ஆட்டத்துக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு ஒன்று. ஒன்று மட்டும் கத்தினால் கம்ப்யூட்டர் நம்பாது. இரண்டு சேர்ந்து கத்தினால் சிவப்பு. சிவப்பு வந்தால் சந்தியா நிறுத்த வேண்டும்.

இரண்டு முறை நிறுத்தினாள். இரண்டு முறையும் மெஷின் மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருந்தது. தொட்டியிலிருந்த கிழங்குப் பால்தான் புளித்துச் சாக்கடைக்குப் போனது.

“இன்னொரு தபா சும்மா நிறுத்துன, வூட்டுக்குப் போய்க்கினே இரு” என்றார் காசிநாதன். வீட்டுக்குப் போனால் சங்கராபுரத்து அத்தை மகன் மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அதற்கு இந்த ஆலையின் நாற்றமே தேவலை.

அன்று சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி சிவப்பு. சந்தியா நிறுத்தவில்லை. கீழே ஓடினாள்.

பேரிங் மேல் சோற்று டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நழுவாமலிருக்க சைக்கிள் டியூப் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

“இன்னா இது?”

“சோறு” என்றாள் கிழங்கு உரிக்கும் பெரியநாயகி. “சூடா துன்னா உனக்கு இன்னா நோவுது?”

“மெஷின நிறுத்துனதும் எடுத்துக்கினு போயிடுவோம் மேடம். நீங்க பாத்திருக்க மாட்டீங்க” என்றார் ஃபிட்டர் அன்சர், ரொம்ப உதவியாக.

சந்தியாவுக்கு எல்லோரையும் அரவையில் போடலாம் போலிருந்தது. டப்பாக்களை எடுக்கச் சொன்னாள். ஆட்டம் அடங்கியது, சூடு மெல்ல இறங்கியது, அவள் கையிலிருந்த போன் திரை பச்சையானது. ஆனால் கரண்டு மட்டும் ஏறிய இடத்திலேயே நின்றது. டப்பா ஆட்டும், சூட்டை அடைக்கும். கரண்டை எப்படிக் குடிக்கும்?

அதற்குள் காசிநாதன் போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். “பச்சை காட்டுது பாரு. கைய வச்ச, அவ்ளோதான்.”

சந்தியா சுவிட்சில் கையை வைத்தாள். மெஷின் நின்றது.

அவர் திட்டத் திட்ட, அன்சர் பெல்ட் மூடியைக் கழற்றினார். பெல்ட்டுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு அடுக்கு கேரியர் நசுங்கிச் சிக்கியிருந்தது. பெல்ட் பாதி அறுந்து, முழுக்க மட்டன் குழம்பு. கேரியரில் பேர் வெட்டியிருந்தது: காசிநாதன் – அம்சவள்ளி திருமணப் பரிசு.

அன்சர் அதை இழுத்தெடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

“சோறு எடுத்தாந்த டிரைவர் வச்சிருப்பான்” என்றார் காசிநாதன்.

“எங்க டப்பா மேலயே குந்திக்கினு இருக்குது. மொதலாளி டப்பா உள்ள பூந்து வேலை பாக்குது” என்றாள் பெரியநாயகி. உரிக்கும் கொட்டகையே சிரித்தது.

“பெல்ட் அறுந்து அடிச்சிருந்தா அன்சர் அண்ணன் மூஞ்சி இருக்காது சார்” என்றாள் சந்தியா. “இனிமே நான் நிறுத்துனா யாரும் கேக்கக் கூடாது.”

“சரி” என்று முனகினார் காசிநாதன்.

“அவங்களுக்குக் கேக்கல சார்.”

“அந்தப் பொண்ணு நிறுத்துனா நிறுத்துனதுதான்!” என்று கத்தினார் காசிநாதன். பிறகு கேரியரைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எவனாச்சும் இத அம்சவள்ளிகிட்ட சொன்னீங்க…”