யார் இந்த ஜெயினுலாப்தீன்?

"யார் இந்த ஜெயினுலாப்தீன்?" என்று துறைத் தலைவர் பிடே ஆங்கிலத்தில் கேட்டபோது நஜ்முன்னிசாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தாராவியில் தோல்பை தைக்கும் கார்கானா வைத்திருக்கும் தன் வாப்பாவை, செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கமிட்டி மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு விசாரிப்பார்கள் என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். அவளுடைய ஒப்பந்த வேலை எண்பத்தாறாம் வருஷ மார்ச்சோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதென்றால், அவள் எழுதிய கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அதைச் சொல்வதற்கென்றே அமெரிக்காவிலிருந்து நூலகத்துக்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் வரும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும். அதில் நஜ்முன்னிசா என்ற பெயருக்குக் கீழே இரண்டே வரி. ஜெயினுலாப்தீன் என்ற பெயருக்குக் கீழேயோ பக்கம் தாண்டி ஓடியது. அத்தனையும் அவள் கட்டுரைகள்தான்! லண்டன் பத்திரிகை ஒன்று இனிஷியல் போதாது, முழுப்பெயர் வேண்டும் என்று கேட்டபோது, 'ஜெ'யை விரித்து வாப்பா பெயரைப் பின்னால் எழுதி அனுப்பினாள். நம் ஊர்ப் பிள்ளை வேறென்ன செய்யும், குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தால்தானே எழுத? கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர் என்று வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் எல்லாமே அந்தப் பெயரிலேயே போயிற்று.

இதை அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். பிடே கேட்கவில்லை. பணிப்பதிவேட்டில் உள்ள பெயருக்கு வருவதைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். அந்த வேலைக்கு அவர் மனத்தில் வேறு ஆள் இருந்தான். மாட்டேன் என்பவனுக்குச் சாக்கா பஞ்சம்? "வேண்டுமானால் அடுத்த வாரம் அந்த ஜெயினுலாப்தீனையே கூட்டி வாருங்களேன், கேட்டுவிடுவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கமிட்டியில் இருந்த ஒரே தமிழர், மாதுங்காக்காரர் நம்பிராஜனும் சிரித்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

வெளியே வந்ததும் நம்பிராஜன் குரலைத் தணித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதம்மா. ஒரு சர்நேம் வச்சுக்கோ, ஊர் பேரோ என்னமோ. அடுத்த ரிவ்யூல பாத்துக்கலாம்."

"மார்ச்சுக்கப்புறம் எனக்கு ஏது சார் ரிவ்யூ? ஆர். நம்பிராஜன்னு போடுதீங்களே, அந்த ஆர் யாரு? உங்கப்பாதானே? உள்ள இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

"எம்பேரா? லண்டன்லயா?" அன்று சாயங்காலம் கார்கானாவில் வாப்பாவுக்குத் தையல் மிஷினை நிறுத்தவே மறந்துபோயிற்று. "நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனதில்லயே பிள்ள! அப்படி என்னதான் எழுதுன?"

"உடம்புல ஒரு செல்லு இருக்குன்னு வைங்க வாப்பா. சேதி கொண்டு வாரவன் உள்ளேயே போகமாட்டான். வெளிய நின்னு கதவத் தட்டுவான், அவ்வளவுதான். அந்தத் தட்டுலயே உள்ள எல்லாம் மாறிப்போவுது. எப்படி மாறுதுங்கதத்தான் எழுதுனேன்."

அவர் அரைகுறையாய்த் தைத்த பையைப் புரட்டினார். "பேருதான் தொந்தரவுன்னா எடுத்துட்டுப் போயேன். வேலதானே முக்கியம்?"

"எடுக்க மாட்டேன்." அவள் அந்தப் பையை வாங்கி ஓரமாக வைத்தாள். "உங்க பேரும் என்னுது, உழச்சதும் நான். ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண வாங்கணும்னு என்ன தலையெழுத்து? கூட்டிட்டு வான்னுதானே சொன்னான்? நீங்க வாங்க."

"வந்து என்னத்தச் சொல்ல? இங்கிலீசா தெரியும் எனக்கு?"

"பேரச் சொல்லுங்க, போதும். யாரு எழுதுனான்னு கேட்டா என்னியக் கைகாட்டுங்க."

அடுத்த வாரம் பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்தார் வாப்பா. எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் தோல் சாயம் போகவில்லை. அத்தர் வாசனையையும் மீறித் தோல் வாசனை அடித்தது. கமிட்டி அறை வாசலில் பியூன் மறித்தபோது, "பிடே சாப் நே புலாயா ஹை" என்றாள், பிடே ஐயாதான் வரச்சொன்னார் என்று. பொய்யொன்றும் இல்லையே!

தாமதமாக வந்த நம்பிராஜன், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து நின்றார். "யாரும்மா இவர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாப்பாவே எழுந்துவிட்டார். "ஜெயினுலாப்தீன்" என்றார்.

நம்பிராஜனின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கோ போயிற்று. கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும் என்றான் பியூன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே பிடேயின் குரலும், எதற்கோ எல்லோரும் சிரிப்பதும் கேட்டது. கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தட்டுங்க வாப்பா."

"வஞ்சிருவாங்களே பிள்ள?"

"வையட்டும். தட்டுங்க."

அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மிஷின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கார்கானாவின் தகரக் கதவைத் தட்டிப் பழகிய கை அது. மெதுவாகத் தட்டத் தெரியாது. தாழ்வாரத்தின் கடைசிவரை அதிர்ந்தது. பியூன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தான்.

உள்ளே சிரிப்பு நின்றது. ஒரு நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. வாப்பா மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கையை ஓங்கினார்.