ஆக்கர்ஸ்லி என்ற பெயர்

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் வரும் சிறுவர் நகைச்சுவைத் தொடரில், ஊரையே ஆட்டிவைக்கும் பதினான்கு வயதுப் பெண்ணின் குடும்பப் பெயர் ஆக்கர்ஸ்லி. மூன்று தலைமுறையாக இங்கிலாந்தின் ரோச்டேல் ஊர்த் தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த வில்ஃப்ரெட் ஆக்கர்ஸ்லிக்கு அது பெரிய தலைகுனிவு. போன வாரம் அந்தப் பெண் தலைமையாசிரியரின் சைக்கிளைப் பள்ளிக்கூரைமேல் ஏற்றிவிட்டாள்.

அவர் மனைவி எட்னா தேநீர் ஊற்றியபடியே சிரித்தாள். "அது உங்க தங்கச்சி நோரா சின்ன வயசுல செஞ்சதுதானே. அவளோட படிச்சவன்தான் இந்தக் கதையை எழுதுறானாம்."

"செஞ்சது வீட்டோட இருக்கட்டும். ஊரே சிரிக்கணுமா?"

டையைக் கட்டிக்கொண்ட பிறகே அவர் தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தொலைபேசினார். எடுத்த பெண் அவர் ஊரையும் புகாரையும் கேட்டுக்கொண்டு பணிவாகப் பேசினாள்.

"மன்னிச்சுக்கங்க சார். அடுத்த வருஷத்துல இருந்து பேரை மாத்திடுறோம். உங்க ஊர்லயே பில்லிங்னு ஒரு குடும்பம், எங்க பேரை வச்சுக்கங்கன்னு ரொம்ப நாளா கேக்குறாங்க."

வில்ஃப்ரெட் டையைத் தளர்த்தினார்.

"பில்லிங் வீட்டுப் பையன் அன்னைக்கு ஏணியைத்தான்மா பிடிச்சான். அதையும் பாதியில விட்டுட்டு ஓடிட்டான். சைக்கிளை ஏத்தினது எங்க நோரா."

"அப்ப மாத்த வேண்டாமா சார்?"

"வேண்டாம்."

அவர் தொலைபேசியை வைத்ததும் எட்னா கேட்டாள்: "தலைகுனிவு என்னாச்சு?"

"அதுக்காக, பயந்து ஓடினவன் வீட்டுக்கா அந்தப் பேரைத் தூக்கிக் குடுக்கச் சொல்ற?"