அரைப்புள்ளிக்குப் பின்னால்

நேசராணி இரண்டு தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்தாள். பதுளைக் கடைவீதியில் பலீல் முதலாளியின் ரேடியோக் கடைக்கு மேல்மாடி அது. கீழே யாரோ ஸ்பீக்கரைச் சோதிக்க, ஒரே பாட்டின் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அவளுக்கு அது தொல்லையாகவும் இல்லை, இனிமையாகவும் இல்லை. அண்ணன் தேவதாசன் ஏறிய பஸ் ஹல்துமுல்லைக்குக் கீழே பள்ளத்தில் விழுந்ததிலிருந்து எல்லாச் சத்தங்களும் அடுத்த வீட்டுச் சத்தங்களாகிவிட்டன. யாருக்கோ நடப்பவை.

தாள்களில் இருந்தது அண்ணன் எழுதிய புரோகிராம்; ஒன்று அவன் எழுதியபடி, மற்றது கொழும்பில் திருத்தியபடி. நமுனுகுலப் பக்கம் அவர்கள் பிறந்த தோட்டத்துத் தொழிற்சாலையில், நேரத்துக்குச் சங்கு ஊதுவதற்காக இந்தக் கடையில் செய்த பெட்டிக்கானது. பெட்டிக்குள் ஒரு சின்னப் புரொசெசர். அதன் கடிகாரத்தை நடத்தும் வரிகள் இவை. வரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளி வரும். அதற்குப் பின்னால் எழுதுவதை இயந்திரம் படிக்காது. அது அடுத்து வாசிக்கப்போகும் மனிதருக்கான விளக்கம். அண்ணன் சொல்லச் சொல்ல டைப் செய்தவள் அவள்தான். குளித்துவிட்டு ஈரத் தலையோடு பின்னால் நிற்பான். சொட்டுகள் அவள் தோளில் விழும். இப்போது அது நினைவுக்கு வந்தது. நினைவு மட்டும் வந்தது.

அவன் போனபின் பெட்டியை விற்கும் கொழும்புக் கம்பனி புரோகிராமைத் திருத்தி, அது பதிந்த புதுச் சில்லு ஒன்றை அனுப்பி மாட்டச் சொன்னது. பிறகு ஒரு விடியற்காலை தோட்டத்தில் கரண்ட் போய் வந்தது. சங்கு பிந்தி ஊதியது. சங்கை நம்பி லயத்து வீடுகளை விட்டுப் புறப்பட்ட பெண்கள் போய்ச் சேர்ந்தபோது பேர் பதியும் காலைப் பெரட்டு கலைந்திருந்தது. அத்தனை பேருக்கும் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்தும் பாதி நாள் சம்பளம்தான். அவர்களில் அம்மாவும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை நேசராணி வீட்டுக்குப் போயிருந்தபோது, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அதே லயத்து ஜெயலெட்சுமி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "பைபிள் படிக்கிற வூட்டுப் புள்ள செஞ்ச சங்குங்கிறாங்க. அது என்னா இம்புட்டுப் பொய் சொல்லுது?" பெண்கள் சிரித்தார்கள். அம்மா வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக் கதவருகே வாளியை இறக்கிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஒங்கண்ணன் தப்பா எழுதிட்டானா பாப்பா?"

இப்போது அதற்குப் பதில் தெரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த தாளில் மூன்று வரிகளைக் காணவில்லை.

படியேறி வந்த பலீல் முதலாளி மூச்சு வாங்கினார். "என்ன புள்ள, ஏதாவது புடிபட்டிச்சா?"

"அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்கு மொதலாளி. கரண்ட் போய் வந்தா, யாராச்சும் கையால நேரம் வைக்கிற வரைக்கும் சங்கு ஊதக்கூடாதுன்னு. அத கொழும்புல வெட்டிட்டாங்க."

"அவனுகள் என்னத்துக்கு வெட்டின?"

"பக்கத்துல 'இல்லாட்டி ஹாஃப் நேம்'னு எழுதியிருந்துச்சு. யாரோ பேர பாதி டைப் பண்ணி அப்பிடியே விட்டுட்டாங்கன்னு நெனச்சிருக்காங்க."

பலீல் சிரித்துவிட்டார். "அரப்பேர அப்பிடியே இங்கிலீசாக்கி ஈக்கான்! கொழும்புல ஈக்கிற தொரைக்கு அரப்பேரு எங்க தெரியிற?" நேசராணிக்கும் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தார். கம்பனி அனுப்பியது. பிழை முதலில் எழுதியவருடையது என்று அதில் டைப் செய்திருந்தார்கள். கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.

"இதுல ஒப்பம் வெச்சா மத்தத் தோட்டத்துப் பெட்டியும் நம்மட கடைக்குத்தான். வெக்காட்டி கடைல இந்த வேலயே இல்ல. அவன் மௌத்தாப் போனவன் புள்ள, அவனுக்கு இனி வேல போவாது. ஒனக்குத்தான் போவும்."

"தெரியும் மொதலாளி."

"கோவமா?"

"இல்லீங்க."

அது பொய்யில்லை. கோபத்தை உள்ளே தேடிப் பார்த்தாள். காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவதுபோல் இருந்தது. எழுந்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அண்ணனின் மூன்று வரிகளையும் இருந்த இடத்திலேயே திரும்பச் சேர்த்தாள். பிறகு அரைப்புள்ளியைத் தட்டி, கொழும்புக்காரருக்குப் புரியும் ஆங்கிலத்தில் நிதானமாக எழுதினாள்: தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்துகிறவருக்குக் கிடைக்கும் பாதி நாள் சம்பளமே 'ஹாஃப் நேம்'. கரண்ட் போய் வந்த கடிகாரம் பிந்தியிருக்கும். நேரம் வைக்கும்வரை சங்கை ஊதவிடாதே. எழுதியவர் தேவதாசன். கொழும்பில் வெட்டப்பட்டது. திரும்பச் சேர்த்தவர் நேசராணி.

அச்சடித்து வந்த தாளைப் பலீல் கண்ணாடியை மாட்டி இருமுறை படித்தார். "இதும் கொழும்புக்குப் போவுமா?"

"புரோகிராமோட போவும். மெசினு படிக்காது மொதலாளி. ஆளுங்கதான் படிப்பாங்க."

அவருடைய ஒரு கையில் கம்பனிக் கடிதம், மறு கையில் அவள் தாள். பேனா பையிலேயே இருந்தது.

தோட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சில்லை நேசராணி எடுத்தாள். அதன் முதுகில் இருந்த சிறு கண்ணாடியை மறைத்து ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்தாள். திருத்தியதை ஏற்றுவதற்கு முன், உள்ளே எழுதியிருப்பதை ஒளியால் அழிக்கும் தகரப் பெட்டியில் அதை வைத்து, மூடியை மூடி, சுவிட்சைப் போட்டாள். இடுக்கு வழியாக ஊதா வெளிச்சம் மெல்லிய கோடாகக் கசிந்து மேசையில் ஏறி, பலீலின் விரல்களைத் தாண்டி, அவர் பிடித்திருந்த இரண்டு தாள்களின் விளிம்பிலும் ஒரேபோல் நின்றது.