பெயர் கேட்காத படிவம்

பேக்கிங் பிரிவில் ஆண்கள் பதினொரு பேர், பெண் நான் ஒருத்திதான். அதனால் ஆபீஸ் பெண் அந்தப் படிவத்தை நீட்டியதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. பிரிவு, ஆணா பெண்ணா, வயது, உடல்குறை என்று எல்லாம் கேட்டிருந்தார்கள்.

"பேர் எழுத வேண்டாம்க்கா. எத்தனை விதமான ஆளுங்க இருக்காங்கன்னு பாக்கத்தான். யாருன்னு யாருக்கும் தெரியாது."

பச்சைப்பிள்ளை முகம். நம்பித் தொலைத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை எழுதினேன்: இடது காது கேட்காது.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் அட்டவணை தொங்கியது. 'பேக்கிங், பெண், செவித்திறன் குறைவு: 1.' பெயர் இல்லைதான்.

"டேப் தீந்துடுச்சா?" என்று சூப்பர்வைசர் ஊருக்கே கேட்கும்படி என் முகத்தருகே கத்தினார். பதினொரு பேரில் ஒருத்தர்கூட ஏனென்று திரும்பிப் பார்க்கவில்லை; எல்லாரும் பலகையைப் படித்திருந்தார்கள். அதுதான் சுட்டது.

மறுவாரம் அதே பெண் இன்னொரு படிவத்தோடு வந்தாள். தலைப்பில் என் பெயரைப் பெரிதாக எழுதி, மற்றதையெல்லாம் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா, பேரு கேக்கலையே."

"நீங்க கேக்காதது அது ஒண்ணுதாம்மா. அதை மட்டும் வெச்சுக்கோங்க."