அசையாத மணல்

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த மணல் அசையவில்லை. போன வாரம் இதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா தாசகுலுக்குப் போன் செய்து, கரை நிற்கும் என்றேன். அமு தரியா ஆறு அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தை இந்தக் கோடையில் விழுங்கியிருந்தது. என்னை நம்பி அவள் வீட்டைக் காலி செய்யவில்லை. ஆற்றுப் பக்க முற்றத்தில் புதிதாக ரொட்டி அடுப்பும் கட்டினாள்.

பகலில் எனக்குப் பம்ப் நிலையத்தில் வேலை, மாலையில் இந்த ஆற்றுப் பொறியியல் வகுப்பு. தொட்டியில் இருப்பது அவள் வீட்டருகே ஆறு வளையும் இடத்தின் மாதிரி, நூறில் ஒரு பங்கு அளவில். இங்கே மணலுக்குப் பதில் அதைவிட லேசான ஆப்ரிகாட் கொட்டைத் தூள் போடுவதுதான் வழக்கம். "ஆறு என்ன பழக்கடையா?" என்று சிரித்தான் கூடப் படிக்கும் பெர்தெபாய். ஆற்றின் மணல் ஆற்றைப் பற்றிப் பொய் சொல்லாது என்று இருவரும் லாரியில் அள்ளி வந்தோம்.

இன்று ஆசிரியை, மணலைத் தள்ளும் தண்ணீரின் விசையை மணலின் எடையால் வகுத்தார். அலகுகள் அடிபட்டு வெறும் எண் மிஞ்சியது. அந்த எண் ஆற்றிலும் தொட்டியிலும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்றார். நாங்கள் ஆழத்தைச் சுருக்கியிருந்தோம்; மணலை அப்படியே விட்டிருந்தோம். ஆற்றின் எண் எங்களுடையதைப்போல் நூறு மடங்கு. தொட்டியில் அசையாத அதே மணலை ஆறு வாரிக்கொண்டு போய்விடும். நான்தான் எங்காவது பிசகியிருப்பேன் என்று திரும்பவும் போட்டேன். அதேதான் வந்தது.

"உன் கணக்கும் உன்னை மாதிரியே பயந்தாங்கொள்ளி," என்றான் பெர்தெபாய். தாளை நீட்டினேன். படித்தான். "அக்காவுக்குப் போன் பண்ணுடா," என்றான் மெதுவாக.

"என்னடா, பரீட்சையில கோட்டை விட்டியா?" என்றாள் அக்கா.

"நான் சொன்னது தப்புக்கா. உடனே கிளம்புங்க."

"அடுப்பைக் கட்டி முடிச்சப்புறம் வந்து சொல்றியா! களிமண் சரியில்ல போல, முற்றமெல்லாம் வெடிக்குதுன்னு உங்க மாமாவைத் திட்டிட்டிருக்கேன்."

"வெடிப்பு அடுப்புலயா?"

"தரையில. அடுப்புக்கும் வீட்டுக்கும் நடுவுல."

"எதுவரைக்கும் போகுது?"

அவள் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "வேலி வரைக்கும்," என்றாள். "காலையில இவ்வளவு இல்லடா."

"பிள்ளைங்க எங்கக்கா?"

போனை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டாள். பெரியவளைக் கூப்பிட்டாள், "இதோம்மா," என்றது உள்ளிருந்து ஒரு குரல். சின்னவன் அய்தோஸைக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள், இப்போது தூரத்திலிருந்து, ஆற்றின் இரைச்சலுக்கு நடுவே.