கிக் ட்ரம்முக்கு ஏற்றிய கனம்

தறிக்கொட்டகையை ஒட்டிய அறையில் ஸ்டுடியோ வைக்கக் கருமத்தம்பட்டியில் பாலகோபாலுக்கு மட்டும்தான் தோன்றும். சுவருக்கு அந்தப்பக்கம் அப்பா சுப்பண்ணனின் விசைத்தறிகள் பகலெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து கேட்டது என்பதால் அவன் காதுக்கு அது சத்தமே இல்லை.

சாய்ப்ரியா பாடி, கோவையில் பதிவு செய்த பாட்டை அங்கேதான் மிக்ஸ் செய்தான். ட்ரம்ஸ் மெல்வின். பைக் விபத்தில் வலது கால் முறிந்து, கம்பி வைத்து, தேறி வந்தபின் அவர் வாசித்த முதல் பாட்டு. கிக் ட்ரம்மை அந்தக் காலால்தான் மிதிக்க வேண்டும். ஓடவிட்டுக் கேட்டால் கிக்கில் கனமே தெரியவில்லை. பாவம், கால் இன்னும் சரியாகவில்லை என்று பாலகோபால் தானாகவே முடிவு கட்டினான். அவரிடம் சொல்லாமல், கம்ப்யூட்டரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திறந்து, கிக்கின் அடியில் இருக்கும் அந்தத் ‘தும்’மைக் கொஞ்சம் ஏற்றினான். போதவில்லை. இன்னும் ஏற்றினான். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது?

சாய்ப்ரியா அதைக் காரில் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு அடியும் அடுத்த அடிவரை இழுத்துக் குழம்பியது. மெல்வினுக்கே போன் செய்து, கால் இழுக்கிற மாதிரி இருக்கிறது, கிக்கை மட்டும் மெஷின் சத்தமாக மாற்றிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மறுநாள் மெல்வின் ஸ்டுடியோவுக்கே வந்து, தன் கிக்கை எடுத்துவிடச் சொன்னார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக ஒருமுறை கேட்க உட்கார்ந்தவர் நிமிர்ந்தார்.

“ஏனுங்க, தரையெல்லாம் அதிருதே, என்னங்க அது?”

“எதுங்ண்ணா?” என்றான் பாலகோபால்.

மெல்வின் சுவரைக் காட்டினார். பாலகோபால் சுவரில் கை வைத்துப் பார்த்தான். பிறகு எழுந்து ஓடினான். சாவும் இல்லாமல் கரண்ட் கட்டும் இல்லாமல் தறியை நிறுத்தச் சொன்னவன் அந்த வீட்டில் இவன்தான் முதல். சுப்பண்ணன் திட்டிக்கொண்டே நிறுத்தினார்.

பாட்டை மறுபடி போட்டதும் கிக் அறையெல்லாம் நிறைந்து குமுறியது. தறியின் அதிர்வு இத்தனை நாளும் அந்தத் ‘தும்’மை விழுங்கியிருக்கிறது, இவன் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். ஏற்றியதையெல்லாம் எடுத்தான். மெல்வின் மிதித்தது மிதித்தபடியே வந்தது. ஒவ்வொரு அடியும் இறுக்கமாக, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

“உங்க கால் நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. நான்தான் கெடுத்துப்போட்டேன்.”

மெல்வின் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி லின்சியைப் போனில் கூப்பிட்டார்.

“ட்ரம்ஸ் வாங்க வாரேன்னவங்க வந்துட்டாங்களா? விக்கலைன்னு சொல்லிப்போடு, லின்சி.”